கழித்த கிளை எங்கே போக வேண்டும்?

மரம் நடுவதைப் பற்றிப் பேச நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரத்தை வெட்டாதே என்று குரல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கவாத்து செய்து தெருவோரம் குவித்த கிளை என்ன ஆகிறது என்று கேட்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் நன்றி. மாநகராட்சிப் பூங்காப் பணியாளர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், வேளாண் மாணவர்கள் என்று மூன்று தரப்பும் இங்கே வந்திருக்கிறீர்கள். மூவரும் சேராமல் இந்த வேலை நடக்காது.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் ஒரே பிற்பகலில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி என்று நிழலுக்காக நட்டவை ஏராளமாக விழுந்தன. கிண்டி தேசியப் பூங்காவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் உருக்குலைந்தன. நகரம் அந்த மரங்களுக்காக அழுதது. அழ வேண்டிய இழப்புதான். அடுத்த வாரங்களில் நடந்ததற்கு யாரும் அழவில்லை. வழியை மறித்த கிளைகளை வெட்டி ஓரம் தள்ளினோம். அவை அங்கேயே கிடந்து காய்ந்தன. அவற்றின் மேல் வீட்டுக் குப்பை வந்து விழுந்தது. பிளாஸ்டிக் பையும் தெர்மோகோலும் கண்ணாடித் துண்டும் கலந்துவிட்டால் அந்தக் குவியலை எந்த உரக்குழியும் ஏற்காது. அப்புறம் அது லாரி ஏறிக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அந்த மரங்களை நாம் இரண்டாவது முறையாக இழந்தது அங்கேதான்.

புயல் எப்போதோ வருகிறது. கவாத்து ஆண்டுதோறும் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை வருமுன் ஆவணி, புரட்டாசியில் மின்கம்பியைத் தொடும் கிளைகளையும் வீட்டின் மேல் சாய்ந்த கொம்புகளையும் கழிக்கிறோம். வர்தாவுக்குப் பிறகு நேர்ந்ததுதான் சிறு அளவில் ஒவ்வொரு தெருவிலும் திரும்ப நேர்கிறது. நான் இன்று வலியுறுத்த வந்தது ஒன்றே ஒன்று: கழித்த கிளையின் கதி, அது கீழே விழுந்த முதல் ஒரு மணி நேரத்தில், அந்த மரத்தடியிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே தழையையும் சுள்ளியையும் கட்டையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டால் மூன்றுக்கும் வழி உண்டு. பிரிக்காமல் குவித்துவிட்டால் பிறகு எத்தனை கோடியில் ஆலை கட்டினாலும் மீட்க முடியாது.

பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. அடிமரம் பெரும்பாலும் கரிமச்சத்து. மரத்தைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை. தழைச்சத்து அதில் மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமச்சத்து. நுனிக்குப் போகப் போக இந்தக் கணக்கு மாறும். இலையும் மொட்டும் இளம்பட்டையும் சேர்ந்த சிறுகிளைதான் மரத்தின் அடுக்களை. சர்க்கரை, புரதம், தாது உப்புகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாவல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில் லெமியூ இதை ஒரு தனி ஆய்வுத் துறையாகவே வளர்த்தார். 7 சென்டிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள கிளைகளைத் துண்டாக்கி மண்ணுக்குக் கொடுப்பதுதான் அவருடைய முறை. காட்டு மண் எப்படி உருவாகிறதோ அப்படியே வயல் மண்ணையும் உருவாக்கலாம் என்பது அவர் வாதம். 7 சென்டிமீட்டர் என்றால் நம் மணிக்கட்டை விடச் சற்றுப் பருமன். மரத்தடியில் நிற்கும் தொழிலாளிக்கு அளவுகோல் வேண்டாம். மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே உள்ளதெல்லாம் மண்ணுக்கு, அதற்கு மேலே உள்ளது கட்டைக்கு. இந்த ஒரு கணக்கு போதும்.

காவிரிப் படுகை விவசாயிக்கு இதில் பாதி புதிதல்ல. நாற்று நடுவதற்கு முன் பூவரசு, புங்கை, வேம்பு, வாதநாராயணன், கிளிரிசிடியா என்று வரப்பிலும் வேலியிலும் நின்ற மரங்களின் தழையை ஒடித்துச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். கிளையைக் கழிப்பதும் உரமிடுவதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகளாக இருந்தன. உர மூட்டை வந்தபின் வரப்பு மரங்கள் குறைந்தன; அந்த வேலையும் இரண்டாகப் பிரிந்துபோனது. நகரத்தில் அது இன்னும் மோசமாகப் பிரிந்திருக்கிறது: கிளையை வெட்டுபவர் ஒருவர், அள்ளுபவர் இன்னொருவர், பூங்காவுக்கு உரம் வாங்குபவர் மூன்றாமவர்.

தழை சேற்றில் சில வாரங்களில் மட்கிவிடும். மரத்துண்டு அப்படியில்லை. அதில் லிக்னின் என்ற பொருள் கால் பங்கு அளவுக்கு இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். பாக்டீரியாவால் அதை எளிதில் பிளக்க முடியாது, பூஞ்சைகள்தான் பிளக்கும். மழைக்காலத்தில் பழைய விறகுக்கட்டையின் மேல் வெள்ளை இழையாகப் படர்ந்திருக்குமே, அவைதான். அந்த இழைகள் இருக்கும் மண் பொலபொலவென்று இருக்கும், நீரைப் பிடித்துக்கொள்ளும், மண்புழுவை வரவழைக்கும். மெதுவாக மட்குவதை நாம் குறையாக நினைக்கிறோம். எனக்கு அது வரமாகத்தான் தெரிகிறது. நம் வெயிலில் தொழு உரம்கூட ஒரே பருவத்தில் எரிந்து கரைந்துவிடுகிறது. ஒரு வருடமாவது மண்ணின் மேல் நின்று பிடிக்கும் பொருள் நமக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆகவே துண்டாக்கிய கிளைக்கு முதல் இடம் மூடாக்கு. இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னாரே, வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாதே என்று, அதே மூடாக்குதான். மரத்தைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்கு மரச்சில்லைப் பரப்பினால் மண் சூடேறாது, ஈரம் சீக்கிரம் ஆவியாகாது, களை முளைக்க வெளிச்சம் கிடைக்காது, பெருமழையின் துளி மண்ணை அறைந்து இறுக்காது. அடிமரத்தை ஒட்டி மட்டும் குவிக்கக் கூடாது. பட்டை ஈரத்திலேயே ஊறினால் அழுகும். ஒரு சாண் இடைவெளி விட்டு வளையமாகப் பரப்ப வேண்டும்.

இதைச் சொன்னதும் இரண்டு கேள்விகள் வரும். பச்சை மரச்சில்லு மண்ணிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்ளாதா என்பது முதல் கேள்வி. மண்ணோடு கலந்து கொத்திவிட்டால் உறிஞ்சும், பயிர் வெளுக்கும். மேலே பரப்பி வைத்தால், சில்லும் மண்ணும் தொடுகிற மெல்லிய அடுக்கில் மட்டும்தான் அது நடக்கும். கீழே இறங்கிய வேரைத் தொடாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர் ஸ்காட் இதைப் பல ஆண்டுகளாக விளக்கி எழுதிவருகிறார். மேலடுக்கில் தழைச்சத்து குறைவதால்தான் களை விதையும் முளைத்துத் தேறுவதில்லை என்று அவர் கருதுகிறார். விதை போட்டு முளைக்கவைக்கும் கீரைப் பாத்திக்கு மட்டும் இது ஆகாது. மரத்துக்கும் செடிக்கும் தாராளமாகப் போடலாம்.

இரண்டாவது கேள்வி கறையான். அந்தப் பயம் நியாயமானது. கதவு நிலையைக் கறையானுக்குக் கொடுத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மரச்சில்லைப் பரப்பாதீர்கள். இரண்டு அடியாவது விடுங்கள். திறந்த தோட்டத்தில் வரும் கறையான் காய்ந்த மரத்தைத் தின்று மண்ணாக்குகிறது. அங்கே அது நமக்காக வேலை செய்கிறது.

மூடாக்குக்குப் போக மிஞ்சுவதற்கு இரண்டாவது வழி உரக்குவியல். நகரத்தின் பெரிய சிக்கல் ஒன்றுக்கு இங்கேதான் விடை இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வீட்டு ஈரக்குப்பையை உரமாக்கும் சிறு மையங்கள் நகரெங்கும் வந்துவிட்டன. அவற்றின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: நாற்றம். சாம்பார் மீதி, வெண்டைக்காய்க் காம்பு, தர்ப்பூசணித் தோல் எல்லாம் தண்ணீரும் தழைச்சத்தும் நிறைந்தவை. குவித்தால் கூழாகி அமுங்கிவிடும். காற்று உள்ளே போகாது. காற்றில்லாத இடத்தில் அழுகினால் நாறத்தான் செய்யும். அதற்கு வேண்டியது காய்ந்த, கரிமச்சத்து மிகுந்த, இடைவெளி விட்டு நிற்கும் ஒரு பொருள். அதற்காக மரத்தூள் வாங்குகிறோம், தென்னை நார்க்கழிவைக் கட்டி கட்டியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். அதே வாரத்தில் இரண்டு தெரு தள்ளிக் கழித்த வேப்பங்கிளையைக் கூலி கொடுத்து லாரியில் ஏற்றிக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறோம்! கோயம்பேட்டுச் சந்தையில் நாள்தோறும் குவியும் முட்டைக்கோஸ் இலைக்கும் கீரைத்தண்டுக்கும் இல்லாதது எதுவோ, அது சாலையோரத்துக் கிளையில் இருக்கிறது.

உரக்குவியலில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். சமையலறைக் கழிவில் இது 15, 20 என்ற அளவில் இருக்கும். மரச்சில்லில் 100ஐத் தாண்டும். ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு கூடை ஈரக்குப்பைக்கு இரண்டு கூடை சருகும் சில்லும் என்று தொடங்குங்கள். நாறினால் சில்லைக் கூட்டுங்கள், சூடேறாமல் கிடந்தால் ஈரக்குப்பையைக் கூட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் இரண்டு சொட்டு நீர் வர வேண்டும், வழியக் கூடாது. நன்றாக அமைந்த குவியல் இரண்டே நாளில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். நோய்க்கிருமியையும் களை விதையையும் கொல்வது அந்தச் சூடுதான். நீளக் குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல் என்பது கழிவுநீர்க் கசடை உரமாக்குவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த அளவு. கிளைக்கழிவுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். குவியலை மலைபோல் உயர்த்தக் கூடாது. உள்ளே சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். பெரிய மரச்சில்லுக் கிடங்குகளில் அது நடந்திருக்கிறது.

தீ என்றதும் பெருங்குடி நினைவுக்கு வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் அந்தக் குப்பைமேடு பற்றி எரிந்து பல நாள் புகைந்தது. அது நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல். அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்புநிலம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. குப்பைக்குள் புதைந்த தழை காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது; காய்ந்த சுள்ளி அதன் பக்கத்திலேயே விறகாகக் கிடக்கிறது. இரண்டையும் நாமே அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். தெருமுனையில் கொளுத்துவது இன்னும் கேடு. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். அது சுடர்விட்டு எரிவதில்லை, புகைகிறது. அந்தப் புகையைத்தான் ஆஸ்துமா உள்ள பிள்ளை மூச்சில் இழுக்கிறது. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் இலை கொளுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. அபராதம் வேண்டியதுதான். கொளுத்துகிறவருக்கு வேறு வழி காட்டாமல் அபராதம் மட்டும் விதித்தால், அவர் இருட்டியபின் கொளுத்துவார்.

எல்லாக் கிளையும் மண்ணுக்குப் போகலாமா என்றால், இல்லை. 1952இல் தஞ்சைப் பகுதியைப் புயல் தாக்கிய பிறகு அங்கே தென்னையில் ஒரு வாடல் நோய் தலைகாட்டியது. இன்றும் அதைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே அழைக்கிறோம். கனோடெர்மா என்ற பூஞ்சை அடித்தண்டையும் வேரையும் அழுகவைக்கும். செத்த மரத்தின் தூரிலும் வேரிலும் உயிரோடு தங்கியிருக்கும். அப்படிப்பட்ட மரத்தைத் தூரோடும் வேரோடும் பெயர்த்து அழிக்கத்தான் வேண்டும். அங்கே மறுசுழற்சி பேசுவது பக்கத்து மரத்துக்குச் செய்யும் துரோகம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. விழுந்த மரத்தை அப்புறப்படுத்த விவசாயி ஏன் அத்தனை பதறினார்? அழுகும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மிஞ்சி நின்ற மரங்களின் குருத்தைக் குடைவது அந்த வண்டுதான். அதே தண்டைச் சில்லாக்கி மெல்லியதாகப் பரப்பிக் காயவிட்டால் வண்டுக்கு வளர இடமில்லை. எருக்குழியில் குவித்துவைத்தால் அடிக்கடி கிளற வேண்டும், புழுவைப் பொறுக்க வேண்டும், புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலக்க வேண்டும்.

சீமைக்கருவேலமும் சூபாபுல்லும் நெற்றுப் பிடித்திருக்கும்போது கழித்தால் அந்தச் சில்லை நேராகப் பரப்பாதீர்கள். பூங்கா முழுக்க அவைதான் முளைக்கும். சூடேறும் குவியலில் வெந்த பிறகு எடுங்கள். தைலமரத் தழையையும் சில மாதம் மட்கவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

மணிக்கட்டுக்கு மேற்பட்ட கட்டையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குச் சந்தை இருக்கிறது. மாமரம் பெட்டிக்குப் போகும், வேம்பு கதவுக்குப் போகும், வாகை செக்குக்குப் போகும், முற்றிய பலா கிடைத்தால் தஞ்சாவூரில் வீணையாகவே மாறும். மீதி உள்ளது சாயப்பட்டறை பாய்லருக்கு. எனக்கு ஒரே ஆதங்கம்: நூறு வயது மரத்தின் நேரான அடிக்கட்டையையும் இரண்டடித் துண்டாக அறுத்து விறகாக்கிவிடுகிறோம். அறுப்பதற்கு முன் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினால் போதும்.

இனி வெட்டும் முறைக்கு வருகிறேன். கிளைக்கழிவைக் குறைக்கும் முதல் வழி, சரியாகக் கழிப்பது. மர மருத்துவம் ஒரு தொழிலாக அமெரிக்காவில் வேரூன்றியது ஜான் டேவியின் காலத்தில். 1901இல் ‘மர மருத்துவர்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதியவர் அவர். பிறகு அந்நாட்டு வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். கிளை தண்டில் சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் ஒரு தடிப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் மரம் அடைத்துக்கொள்ளும். அதைச் சீவிவிட்டாலோ, முழம் நீளக் குச்சியாக விட்டாலோ, அழுகல் உள்ளே இறங்கும். தார் பூசினாலும் நிற்காது. நம் தெருக்களில் செய்வதுபோல் மரத்தை மொட்டையடித்தால் மறு ஆண்டே கொத்துக்கொத்தாய்ப் பலவீனமான கிளைகள் கிளம்பும். அவை காற்றுக்கு ஒடியும். மறுபடி வெட்டு, மறுபடி லாரி. ஒரு தடவையில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

அடுத்து இயந்திரம். விரித்துக் கிடக்கும் கிளையில் பெரும்பகுதி காற்றுதான். லாரி நிறைந்ததுபோல் தெரியும், எடை இருக்காது. சிப்பர் இயந்திரத்தைத் தெருவுக்கே கொண்டுவந்து சில்லாக்கினால் நான்கைந்து லோடு ஒரே லோடுக்குள் அடங்கும். டீசல் செலவில் மிச்சமாவதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே இயந்திரம் விலை அதிகம் என்கிறோம். ஆனால் அதை இயக்குபவரின் கை முக்கியம். உருளை கிளையைக் கவ்வி இழுக்கும் வேகத்தில் தளர்ந்த சட்டைக் கையும் மாட்டினால் உள்ளே போகும். கையால் தள்ளக் கூடாது, நீளக் கழியால்தான் தள்ள வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. நம் மரங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, கேபிள் கம்பி, திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் பல்பு ஒயர் எல்லாம் கிளையோடு வரும். ஒரு ஆணி போதும், கத்தி முனை உடைய. மரத்தடியில் பிரிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பூங்கா, தோட்டக் கழிவைத் தனியாகச் சேகரித்து இயன்றவரை அந்தப் பூங்காவிலும் தோட்டத்திலுமே பதப்படுத்தும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தன. வீட்டுக்காரர் தன் தோட்டக் கழிவைத் தன் வளாகத்திலேயே தனியாக வைக்க வேண்டும் என்றும் சொன்னன. 2013இல் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் மண் நம் தெரு மரங்களுக்கும் கிடைத்தால், கழித்த கிளையின் சில்லைப் போட வேறு இடம் தேட வேண்டாம். இன்று தண்டு வரை டைல்ஸ் ஒட்டிவிட்டு, சில்லை எங்கே கொட்டுவது என்று கேட்கிறோம்.

நலச் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வளாகத்து மரங்களைக் கழிக்க ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது ‘வெட்டி அப்புறப்படுத்த இவ்வளவு’ என்று ஒரே தொகை பேசாதீர்கள். அப்புறப்படுத்துவது என்றால் கண்ணுக்கு மறைவது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார், ஏதாவதொரு ஏரிக்கரையில் கொட்டுவார். வெட்டக் கூலி தனி, பிரித்து அடுக்கக் கூலி தனி, சில்லாக்கி மரத்தடியில் பரப்பக் கூலி தனி என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரிக்கும் வேலைக்குக் காசு இருக்கிறது என்று தெரிந்தால் மரத்தின் மேல் நிற்பவரும் கிளையை அதற்கேற்ப இறக்குவார். இயந்திரம் தனியே வாங்க முடியாவிட்டால் நான்கு சங்கங்கள் சேர்ந்து இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். நான்கு வளாகத்திலும் ஒரே வாரத்தில் கவாத்து வையுங்கள். சில்லில் ஒரு பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சமையலறைக் கழிவுக் குவியல் நீர்கோத்து நாறத் தொடங்கும்போது அது கைகொடுக்கும்.

பூங்காப் பணியாளர்களே, வேர்க்கட்டையைத் தோண்டுவது பற்றியும் வாழைத்தண்டைச் சில்லோடு கலப்பது பற்றியும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றை வெளியே குவியலின் பக்கத்தில் நின்றே பேசுவோம். கையுறை கொண்டுவந்தவர்கள் வாருங்கள்.